உளியும் தூரிகையும்

நுழையும்முன்

நீண்ட வெண்தாளில் ஐந்தாறு இறால்கள் மட்டும் உள்ளன. நீர் வரையப்படவில்லை, அலையும் கரையும் இல்லை. ஆயினும், பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே தெளிந்த நீரோடை ஒன்று புலப்படுகிறது. மையும் நீரும் மட்டுமே கொண்டு இவ்வோவியத்தைத் தீட்டியவர் பள்ளியில் ஓராண்டுகூட முழுமையாகப் படிக்காதவர். இளமையில் மாடு மேய்த்தவர். தச்சுத் தொழிலாளியாக ஊர் ஊராகச் சென்று உழைத்தவர். பூக்களையும் காய்களையும் சிற்றுயிர்களையும் வரைந்து உலகப் புகழ்பெற்ற சீன ஓவியர் சி பைஷியின் வாழ்க்கை, உழைப்பின் மதிப்பையும் உற்றுநோக்கலின் ஆற்றலையும் எடுத்துரைக்கிறது.

சுருளில் விரியும் உலகம்

மரபுவழிச் சீன ஓவியம் எப்போதும் சுவரில் மாட்டியிருப்பதற்காக வரையப்படுவதன்று. தாளிலோ பட்டிலோ ஓவியத்தைத் தீட்டி, அதன் பின்புறம் வேறு தாள்களை ஒட்டி வலுவூட்டுவர். கீழ்முனையில் உருளைக்கட்டை ஒன்றைப் பொருத்திச் சுருட்டி வைப்பர். பருவம் மாறும்போதும் விருந்தினர் வரும்போதும் அதனை விரித்துத் தொங்கவிட்டுக் கண்டு மகிழ்வர். பின்னர் மீண்டும் சுருட்டிவிடுவர். எனவே, இவை சுருளோவியங்கள் எனப்படுகின்றன.

சீனர் தம் ஓவியங்களை மாந்தர், மலையும் நீரும், பூவும் பறவையும் என மூன்று பெரும்பிரிவுகளாகப் பகுத்தனர். விலங்கு, மீன், பூச்சி, காய், கனி ஆகியனவும் மூன்றாம் பிரிவினுள் அடங்கும். சொங் அரசமரபின் காலத்தில் (960 – 1279) இப்பிரிவு பெருவளர்ச்சி பெற்றது. இவ்வோவியங்களில் இடம்பெறும் ஒவ்வோர் உயிருக்கும் மலருக்கும் ஒரு பொருள் உண்டு. பியோனி மலர் செல்வத்தையும், பீச்சுப் பழம் நீண்ட ஆயுளையும், தாமரை தூய்மையையும் குறிக்கும். மீன் என்பதற்கும் மிகுதி என்பதற்கும் சீன மொழியில் ஒரே ஒலியுடைய சொற்கள் வழங்குவதால், மீன் வளத்தின் அடையாளமாயிற்று.

இவ்வோவியத்திற்குரிய சுவான் தாள் மரப்பட்டை நாரும் வைக்கோலும் கொண்டு செய்யப்படுவது. மைக்கட்டியை மைக்கல்லில் நீர்விட்டு உரைத்துத் தூரிகையால் தொட்டு வரைவர். தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை பதித்த தடத்தை அழிக்கவோ திருத்தவோ இயலாது. ஆகவே, வரையப்போவதைக் கண்ணும் மனமும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கவிதை, கையெழுத்துக்கலை, முத்திரை செதுக்குதல், ஓவியம் ஆகிய நான்கிலும் வல்லவரே நிறைவான ஓவியராக மதிக்கப்பட்டார். இத்தகைய பயிற்சிக்கு ஓய்வும் செல்வமும் தேவைப்பட்டன. எனவே, பல நூற்றாண்டுகளாக இக்கலையின் பெருமை கற்றறிந்தோர்க்கும் அரசு அலுவலர்க்குமே உரியதாகக் கருதப்பட்டது. அவ்வுலகினுள் ஏழை உழவர் குடும்பத்தைச் சேர்ந்த தச்சர் ஒருவர் நுழைந்தார்.

சாம்பலில் எழுதிய எழுத்து

சி பைஷி 1864ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சீனாவின் ஹுனான் மாநிலத்தில் சியாங்தான் வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அவருடைய குடும்பத்திற்குச் சொந்தமாக இருந்தது ஒரு மு அளவுள்ள நெல்வயல் மட்டுமே. இது நம் கணக்கில் ஏறத்தாழ 16 சென்ட் ஆகும். அதன் விளைச்சல் போதாமையால் பெரியவர்கள் கூலிவேலைக்கும் சென்றனர்.

பைஷியின் முதல் ஆசிரியர் அவருடைய தாத்தாவே. குளிர்காலத்தில் பேரனைத் தம் பழைய ஆட்டுத்தோல் மேலாடைக்குள் அணைத்துக்கொண்டு அடுப்பருகே அமர்வார். இரும்பு இடுக்கியால் சாம்பலில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். பேரன் அதனைப் பார்த்து எழுதுவான். தாத்தா அறிந்திருந்தவை ஏறத்தாழ 300 எழுத்துகளே. பேரன் அவை அனைத்தையும் விரைவில் கற்றுக்கொண்டதால், மேலும் கற்பிக்க வழியறியாது தாத்தா திகைத்தார்.

அப்போது தாய்வழித் தாத்தா அருகிலிருந்த ஊரில் சிறுவர்க்குப் பள்ளி நடத்தி வந்தார். பைஷி அங்குச் சேர்க்கப்பட்டார். தாய் சிறுகச் சிறுகச் சேமித்த அரிசி, தாளும் தூரிகையும் நூலும் வாங்கப் பயன்பட்டது. மழை நாள்களில் தாத்தா பேரனைத் தோளில் சுமந்து சென்றார். எழுத்துப் பயிற்சித் தாளில் பைஷி வரையத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். மீன் பிடிக்கும் முதியவரும், அன்றாடம் கண்ட பூவும் பூச்சியும் கோழியும் அவன் தாளில் இடம்பெற்றன.

இக்கல்வி நீடிக்கவில்லை. நோயும் வறுமையும் சேர்ந்து வருத்தியதால், ஓராண்டு நிறைவதற்குள் பள்ளிப்படிப்பு நின்றது. விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் அவன் கடமைகளாயின.

கழுத்தில் கட்டிய மணி

மாடு மேயும்போது பைஷி நூலைப் படித்துக்கொண்டிருப்பான். எழுதுவதில் ஆழ்ந்து விறகு பொறுக்க மறந்த நாளும் உண்டு. எழுத்தைப் பானையிலிட்டுச் சமைக்க முடியாதே என்று பாட்டி வருந்தினார். பேரனின் ஆர்வத்தை அறியாதவர் அல்லர் அவர். அடுப்பு எரியாத வீட்டின் துயரையும் அறிந்தவர். அன்றுமுதல் பைஷி நூலை மாட்டின் கொம்பில் தொங்கவிட்டுக்கொண்டு செல்வான். முதலில் விறகு, பிறகே படிப்பு என்னும் ஒழுங்கினைக் கடைப்பிடித்தான்.

நோயுற்ற உடலுடன் பேரன் மலைச்சரிவில் திரிவதை எண்ணிப் பாட்டியும் தாயும் மாலைதோறும் கவலையுற்றனர். பாட்டி சிறிய செப்பு மணி ஒன்றை வாங்கிச் சிவப்புக் கயிற்றில் கோத்துப் பேரன் கழுத்தில் கட்டினார். தொலைவில் மணியோசை கேட்டதும், பிள்ளை நலமாகத் திரும்புகிறான் என்று மனம் தேறி அடுப்பை மூட்டுவர். அவ்வோசை பைஷியின் நினைவில் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

வரப்பில் பிறந்த உறுதி

பைஷி வளர்ந்ததும் தந்தை அவருக்கு ஏர் பிடிக்கக் கற்பித்தார். மெலிந்த உடல் அதற்கு இடம் தரவில்லை. எனவே, 1877ஆம் ஆண்டில் தச்சுத் தொழில் கற்க அனுப்பினார். வீடு கட்டும் தச்சரிடம் சென்ற அவரால் கனத்த உத்திரங்களைத் தூக்க முடியவில்லை. தொழிலுக்கு ஏற்றவர் அல்லர் என்று அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் மற்றொரு தச்சர் அவரை ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் ஆசிரியரும் மாணவரும் வேலை முடிந்து வயல் வரப்பில் வந்துகொண்டிருந்தனர். எதிரே மூவர் வந்தனர். அவர்களும் தோளில் தச்சுக் கருவிகளைச் சுமந்திருந்தனர். ஆசிரியர் உடனே ஒதுங்கி நின்று, கைகளைத் தாழ்த்தி, பணிவுடன் நலம் விசாரித்தார். வந்தவர்கள் பொருட்படுத்தாமல் கடந்து சென்றனர். ஒரே தொழிலைச் செய்வோரிடையே இத்துணைப் பணிவு ஏன் என்று பைஷி வியந்தார். அவர்கள் மரத்தில் நுண்ணிய சிற்பம் செதுக்குவோர். தாம் முரட்டு வேலை செய்வோர். அவர்களுக்கு இணையாகத் தம்மால் நிற்க இயலாது என்று ஆசிரியர் விளக்கினார். அவர்களிடம் கைகள் இருப்பதுபோல் தம்மிடமும் கைகள் உள்ளன. கற்றால் வராதா என்னும் எண்ணம் பைஷியின் உள்ளத்தில் எழுந்தது.

1878ஆம் ஆண்டில் மரச்சிற்பக் கலைஞர் ஒருவரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளைப்பேறு இல்லாத அவ்வாசிரியர், பைஷியைத் தம் மகனைப்போல் நடத்தித் தொழில் நுணுக்கங்கள் அனைத்தையும் கற்பித்தார். மணமகளுக்குரிய கட்டில், அலமாரி, இருக்கை ஆகியவற்றில் உருவங்களைச் செதுக்கிய இளைஞரின் பெயர் சுற்று வட்டாரத்தில் பரவியது.

இரவல் நூலும் இரவு விளக்கும்

அக்காலச் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே உருவங்களையே செதுக்கி வந்தனர். பைஷிக்கு அதில் நிறைவு உண்டாகவில்லை. அவருக்கு 18 வயதானபோது, வேலை செய்யச் சென்ற வீட்டில் பழைய நூல் ஒன்றைக் கண்டார். அது 'கடுகு விதைத் தோட்டம்' என்னும் பெயருடைய ஓவியப் பயிற்சி நூல். 1679ஆம் ஆண்டில் அதன் முதற்பகுதி வெளிவந்தது. இலையை எங்கிருந்து தொடங்குவது, பூவிதழை எவ்வாறு மடிப்பது, பாறையில் நிழலை எவ்வாறு இடுவது என்பனவற்றைப் படிப்படியாகக் கற்பிக்கும் நூல் அது. தாம் அதுவரை முறையறியாமல் வரைந்து வந்ததைப் பைஷி உணர்ந்தார்.

நூலை விலைக்கு வாங்கும் வசதி அவருக்கு இல்லை. எனவே, அதனை இரவல் பெற்றார். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் விளக்கொளியில் அமர்ந்து, மெல்லிய தாளை நூலின்மேல் வைத்து ஒவ்வொரு படத்தையும் பார்த்து வரைந்தார். இப்பணி அரையாண்டுக் காலம் நீடித்தது. வரைந்த தாள்களை 16 தொகுதிகளாகத் தைத்துவைத்துக்கொண்டார். அதன்பின் அவர் செதுக்கிய மரப்பொருள்களில் திராட்சையும் மாதுளையும் பியோனியும் மூங்கிலும் புதிதாக இடம்பெற்றன. உளி கற்ற கையில் தூரிகை மெல்ல இடம்பிடித்தது.

வெண்கல் எனப் பெயர் பெற்றவர்

பைஷியின் திறமையைக் கேள்வியுற்ற ஹு சின்யுவான் என்னும் கற்றறிந்த செல்வர், 1889ஆம் ஆண்டில் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். ஓவியத்துடன் கவிதையும் கற்க வேண்டும் என அறிவுறுத்தினார். பைஷி தயங்கினார். சீன முறையில் கணக்கிட்டால் அப்போது அவருக்கு 27 வயது; மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். முற்காலத்தில் 27 வயதில் கல்வியில் முனைந்து பெரும்புகழ் எய்திய அறிஞர் ஒருவரை ஹு சின்யுவான் எடுத்துக்காட்டினார். குடும்பத்தைப் பற்றிய கவலைக்கும் அவர் வழி கூறினார். ஓவியத்தை விற்று வாழ முடியும் என்னும் நம்பிக்கையை ஊட்டினார்.

பைஷி என்னும் புனைபெயரும் அப்போது சூட்டப்பட்டதே. வெண்கல் என்பது அதன் பொருள். அவர் பிறந்த ஊருக்கு அருகிலிருந்த சிற்றூரின் பெயரிலிருந்து அது எடுக்கப்பட்டது. விளக்குக்கு எண்ணெய் வாங்க இயலாத இரவுகளில் பைன் மர விறகைக் கொளுத்தி அவ்வொளியில் பைஷி படித்தார். மாந்தர் உருவங்களை வரைந்து கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார். பத்தாண்டுகளுக்குப்பின் வாங் கையுன் என்னும் பேரறிஞரின் மாணவரானார். அவ்வறிஞரின் மாணவர்களுள் ஒரு கொல்லரும், செம்புத் தொழிலாளி ஒருவரும் இருந்தனர். தச்சரான பைஷியும் சேர, அம்மூவரும் வாங்கின் மூன்று கைவினைஞர்கள் என அறியப்பட்டனர்.

முத்திரை செதுக்கும் கலையை அவர் கற்கத் தொடங்கியதன் பின்னணியில் ஓர் அவமதிப்பு உண்டு. முத்திரை செதுக்கித் தருமாறு ஒருவரிடம் கல்லைக் கொடுத்தார். கல் சமமாக இல்லை, தேய்த்துக் கொண்டுவருக என்று அவர் திருப்பிக் கொடுத்தார். நன்கு தேய்த்துக் கொடுத்த பின்னும் அதே விடை கிடைத்தது. பைஷி கல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தாமே செதுக்கினார். செதுக்கியதைத் தேய்த்து அழித்து அதே கல்லில் மீண்டும் செதுக்குவது அவருடைய பயிற்சி முறையாயிற்று. பிற்காலத்தில் சீனாவின் தலைசிறந்த முத்திரைக் கலைஞர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார்.

தெரிந்து தெளிவோம்

சீன ஓவியத்தின் ஓரத்தில் காணப்படும் சிவப்புப் பதிவு ஓவியரின் முத்திரையாகும். கல்லில் எழுத்துகளைச் செதுக்கிச் சிவப்புக் குழம்பில் தோய்த்துப் பதிப்பர். தாம் மரத்தோடு பழகியவர் என்றும், தச்சர்களின் முன்னோராகச் சீனர் போற்றும் லூ பானின் வழிவந்தவர் என்றும் பொருள்படும் முத்திரைகளைப் பைஷி செதுக்கிக்கொண்டார். பிறர் இழிவாகக் கருதிய தொழிலைத் தம் ஓவியங்களில் பெருமையுடன் பதித்தார்.

தலைநகரில் ஓர் ஊரகத்தார்

1902ஆம் ஆண்டு தொடங்கி ஏழாண்டுகள் பைஷி சீனாவின் பல பகுதிகளுக்கும் சென்று வந்தார். பின்னர்ச் சொந்த ஊரில் தோட்டம் அமைத்துப் பூச்செடிகளையும் காய்கறிகளையும் வளர்த்தார். வெட்டுக்கிளி தாவுவதையும், தட்டான் இலைநுனியில் அமர்வதையும், கோழிக்குஞ்சுகள் இரைக்குப் போட்டியிடுவதையும் நாள்தோறும் உற்றுநோக்கினார். அங்கேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். ஆயினும், போரும் கொள்ளையும் ஊரைச் சூழ்ந்தன. 1917ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரை அடைந்தார். 1919ஆம் ஆண்டில் அங்கேயே குடியேறினார். முதிய பெற்றோரையும் மனைவியையும் ஊரில் விட்டுப் பிரிந்த துயரம் அவரை வாட்டியது.

தலைநகரம் அவரை எளிதில் ஏற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஓவியர் பாதா ஷான்ரெனைப் பின்பற்றி, மிகக் குறைந்த கோடுகளால் அப்போது அவர் வரைந்துவந்தார். அவ்வோவியங்கள் நகரத்தார்க்குச் சுவையற்றனவாகத் தோன்றின. பிற ஓவியர்கள் பெற்ற விலையில் பாதியே குறித்தும் வாங்குவோர் குறைவு. அவருடைய ஊரகப் பேச்சையும் பழைய தொழிலையும் எள்ளி நகையாடியோர் பலர். செல்வர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்த விருந்தில், எளிய உடையுடன் நின்ற பைஷியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. புகழ்பெற்ற நாடகக் கலைஞர் மெய் லான்ஃபாங் அங்கு வந்தபின் பைஷியைத் தேடிச்சென்று வணங்கினார். அதன் பின்னரே மற்றவர்களும் அவரிடம் பேச முன்வந்தனர். அந்நன்றியைப் பைஷி ஓர் ஓவியமாகத் தீட்டி மெய் லான்ஃபாங்குக்கு வழங்கினார்.

ஐம்பதைக் கடந்தபின் ஒரு தொடக்கம்

பைஷி செதுக்கிய முத்திரைகளைக் கண்டு வியந்து, அவரைத் தேடிவந்தவர் சென் ஷிசெங் என்னும் ஓவியர். உயர்குடியில் பிறந்தவர், சப்பானில் கல்வி கற்றவர், பைஷியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பிறர் விருப்பத்திற்காக வரைய வேண்டா, தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார்.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், பல்லாண்டுக் காலம் பழகிய முறையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிதன்று. ஓவியத்தை விற்றே உண்ண வேண்டிய நிலையில், அது வயிற்றைப் பணயம் வைக்கும் செயலுமாகும். பட்டினி கிடக்க நேர்ந்தாலும் மாற்றத்தைக் கைவிடுவதில்லை எனப் பைஷி உறுதிபூண்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார்.

அம்மாற்றத்தின் பயனாக அவருக்கே உரிய முறை உருவாயிற்று. இலைகளை அடர்ந்த கருமையால் விரைந்து தீட்டினார். பூக்களுக்கு அடர்சிவப்பு வண்ணத்தை அளித்தார். கருமையும் சிவப்பும் எதிரெதிரே நின்றபோது பூக்கள் ஒளிர்ந்தன. இத்தகைய பெரிய இலைகளினூடே ஒரு தட்டானையோ வெட்டுக்கிளியையோ அமர்த்தினார். இலை ஒரே வீச்சில் அமைந்திருக்கும். பூச்சியின் சிறகு நரம்புகளோ ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவாறு நுட்பமாக இருக்கும். உத்திரம் இழைக்கும் வலிமையும் சிற்பம் செதுக்கும் நுண்மையும் ஒரே தாளில் கூடின எனலாம்.

வரையும் பொருளிலும் அவர் புதுமை செய்தார். கற்றோர் மரபில் பிளம் மலர், மூங்கில் போன்றவையே உயர்ந்தனவாகப் போற்றப்பட்டன. பைஷி பீர்க்கு, சுரை, மிளகாய், கோசு ஆகியவற்றையும் வரைந்தார். மண்வெட்டியும் வாருகோலும் கூடையும்கூட அவர் ஓவியங்களில் இடம்பெற்றன. பியோனியை மலர்களின் அரசி எனப் போற்றுவோர், கோசுக்குக் காய்கறிகளில் அத்தகைய இடத்தைத் தராதது ஏன் என்று அவர் ஓவியம் ஒன்றில் எழுதி வினவினார். ஏழையின் உணவைச் சுருளோவியத்தில் ஏற்றி, அறிஞர் இல்லச் சுவரில் தொங்கச் செய்தவர் அவர்.

1922ஆம் ஆண்டில் சென் ஷிசெங், பைஷியின் ஓவியங்களைத் தோக்கியோவில் நடைபெற்ற சீன – சப்பானிய ஓவியக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றார். அவை அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. பெய்ஜிங்கில் இரண்டு வெள்ளி நாணயத்திற்கு விசிறி ஓவியம் விற்கத் திணறியவரின் மலர் ஓவியம் நூறு வெள்ளி நாணயம் பெற்றது. அயலார் போற்றிய பின்னரே தலைநகரமும் அவரைப் போற்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென் ஷிசெங் காலமானார். தம்மை உலகிற்கு அறிமுகப்படுத்திய நண்பரைப் பைஷி இறுதிவரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1927ஆம் ஆண்டில் பெய்ஜிங் கலைக்கல்லூரி அவரை ஆசிரியராக அழைத்தது. பள்ளிப்படிப்பை நிறைவுசெய்யாத ஊரகத்தார், மேலைநாட்டு முறைக் கல்லூரி மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என அவர் தயங்கினார். பலமுறை வற்புறுத்தியபின் ஏற்றார். மறு ஆண்டு பொறுப்பேற்ற, பாரிசில் ஓவியம் பயின்ற சூ பெய்ஹோங்கும் அவருடைய கலையை உயர்வாக மதித்து ஆதரித்தார்.

இறாலைக் கற்றல்

பைஷியின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது இறால். பிறந்த ஊரின் குளத்தில் இளமை முதல் அவர் கண்ட உயிர் அது. ஆயினும், அறுபதைக் கடந்தபின் கண்ணாடிபோல் தெளிந்த அவ்வுயிரை மீண்டும் முதலிலிருந்து கற்றார். மேசைமீது கிண்ணத்தில் நீர் நிரப்பி, அதில் இறால்களை வளர்த்தார். அவை நீந்துவதையும் பின்னோக்கித் துள்ளுவதையும் கொடுக்குகளை விரிப்பதையும் நாள்தோறும் கூர்ந்து கவனித்தார்.

தொடக்கத்தில் அவர் வரைந்த இறால்கள் உருவத்தில் ஒத்திருந்தன. உயிர்ப்பு மட்டும் குறைந்திருந்தது. பல ஆண்டு முயற்சிக்குப்பின் நீர் கலந்த மெல்லிய மையால் உடலைத் தீட்டி, அது உலர்வதற்குள் தலைப்பகுதியில் அடர்கருமையாக ஒரு கோடு இட்டார். அக்கோட்டினால் ஓட்டின் திண்மையும் உடலின் ஒளி ஊடுருவும் தன்மையும் ஒருங்கே புலப்பட்டன. கால்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தார். பத்தாக இருந்தவை எட்டாயின. இறுதியில் ஐந்தாக நின்றன. கால்கள் குறையக் குறைய இறால் விரைந்து நீந்தியது. முற்றிலும் ஒத்திருப்பது மலினச் சுவைக்கு இணங்குவது. சிறிதும் ஒவ்வாதிருப்பது ஏமாற்று. இரண்டிற்கும் இடைப்பட்டதே ஓவியம் என்பது அவருடைய கொள்கை.

காணாததை வரையக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். முதுமையில் நண்பர் ஒருவர், வாழையின் விரியாத குருத்தை ஓவியத்தில் அமைக்குமாறு வேண்டினார். அக்குருத்து இடப்பக்கம் சுருண்டிருக்குமா, வலப்பக்கம் சுருண்டிருக்குமா என்பது பைஷிக்கு நினைவில் இல்லை. பலரிடம் வினவியும் விடை கிடைக்கவில்லை. ஆகவே, அவர் அதனை வரையாமலே விட்டார். புகழின் உச்சியில் இருந்தபோதும், தமக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது.

மூடிய கதவு

1937ஆம் ஆண்டில் சப்பானியப் படை பெய்ஜிங்கைக் கைப்பற்றியது. எட்டாண்டுக்கால ஆதிக்கத்தில் பைஷியின் ஓவியங்களைப் பெற அதிகாரிகள் பலர் விரும்பினர். எழுபதைக் கடந்த அம்முதியவர் கல்லூரிப் பணியைத் துறந்தார். நெஞ்சுநோய் காரணமாக எவரையும் காண இயலாது என்னும் அறிவிப்பை வாயிற்கதவில் ஒட்டினார். அதிகாரிகள் நேரில் வர வேண்டா எனப் பிறிதோர் அறிவிப்பையும் எழுதிவைத்தார். பின்னர் ஓவியம் விற்பதையே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

பெய்ஜிங்கின் குளிர்காலம் கொடியது. நிலக்கரியின்றி வாழ்வது கடினம். 1944ஆம் ஆண்டில், ஆதிக்கத்தின்கீழ் இயங்கிய கலைக்கல்லூரி அவருக்கென நிலக்கரி ஒதுக்கியது. தாம் அங்குப் பணியாற்றவில்லை என்று கூறி அதனை அவர் ஏற்க மறுத்தார். இக்காலத்தில் அவர் வரைந்த நண்டுகளில் தனிப்பொருள் அடங்கியிருந்தது. நண்டு பக்கவாட்டில் நடப்பது; சீன வழக்கில் அந்நடை அடாவடித்தனத்தைக் குறிக்கும். இந்நடை இன்னும் எத்தனை நாள் என்னும் கருத்தை ஓவியத்தின் ஓரத்தில் எழுதினார். படைக்கலம் ஏந்தாத முதியவர், கோசையும் நண்டையும் வரைந்த தூரிகையாலேயே தம் மறுப்பைத் தெரிவித்தார்.

தவளையின்றிக் கேட்ட தவளையொலி

1951ஆம் ஆண்டில் எழுத்தாளர் லாவ் ஷே, பைஷியிடம் ஒரு வேண்டுகோளை விடுத்தார். மலையோடையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும் தவளையொலியைப் பற்றிப் பழங்கவிஞர் ஒருவர் பாடியதை ஓவியமாக்க வேண்டும் என்பதே அது. ஒலியை எவ்வாறு வரைவது? அப்போது பைஷியின் வயது 87.

நாள்கள் பல சிந்தித்தபின் பைஷி தூரிகையை எடுத்தார். நீண்ட சுருளில் இருபுறமும் கரிய பாறைகள். அவற்றினிடையே விரைந்து இறங்கும் நீரோட்டம். அதில் வாலசைத்து வரும் தலைப்பிரட்டைகள். ஓவியத்தில் ஒரு தவளைகூட இல்லை. தாய்த்தவளைகள் மலைக்கு அப்பால் எங்கோ கத்திக்கொண்டிருக்கின்றன என்பதைத் தலைப்பிரட்டைகளே உணர்த்தின. இறால் ஓவியத்தில் வரையாத நீரைக் காட்டியவர், இங்கு வரையாத தவளையின் ஒலியைக் கேட்கச் செய்தார்.

மணியோசை

1953ஆம் ஆண்டில் சீன அரசு, மக்கள் கலைஞர் என்னும் பட்டத்தை வழங்கி அவரைச் சிறப்பித்தது. உலக அமைதிக் குழு 1955ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு அமைதிப் பரிசை அவருக்கு அளித்தது. ஒரு நாளையும் வீணே கழிக்கலாகாது என்பதை நெறியாகக் கொண்டிருந்த பைஷி, தொண்ணூறைக் கடந்த பின்னும் வரைந்தார். 1957ஆம் ஆண்டில் கை நடுங்கிய நிலையில் பியோனி மலரைத் தீட்டினார். அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பெய்ஜிங்கில் இயற்கை எய்தினார்.

இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் வரைந்த ஓவியங்களுள் ஒன்றில் ஒரு சிறுவன் மாட்டை ஓட்டிச் செல்கிறான். அவன் வெறுங்காலுடன் நடக்கிறான். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் கோத்த சிறுமணி தொங்குகிறது. எண்பதாண்டுகளுக்குமுன் பாட்டி கட்டிய மணி அது. அம்மணியை நினைவூட்டும் முத்திரை ஒன்றையும் அவர் செதுக்கி வைத்திருந்தார்.

நாட்டின் தலைசிறந்த கலைஞர் என எல்லாரும் போற்றிய காலத்திலும், பைஷி தம்மை மாடு மேய்த்த சிறுவனாகவும் தச்சராகவுமே எண்ணினார். அந்த நினைவே அவர் ஓவியங்களுக்கு உயிரூட்டியது. குளத்து இறாலையும் வேலியோரப் பூவையும் வரப்பில் தாவும் வெட்டுக்கிளியையும் உழைக்கும் மக்கள் அன்றாடம் காண்கின்றனர். கண்டும் காணாது கடக்கின்றனர். அவற்றை நின்று நோக்கியவர் பைஷி. அவர் வரைந்த சுருள்களை இன்று விரிப்போர்க்கு, மாலைநேர மலைச்சரிவிலிருந்து வீடு திரும்பும் அம்மணியின் ஓசை கேட்கும்.